துருக்கிப் படத்துக்குப் போன சனிக்கிழமை

குலேந்திரனுக்குப் பொய் சொல்ல வராது. லண்டன் தெருக்களில் பஸ் ஓட்டிப் பென்ஷன் எடுத்த மனிதர். சின்னதாக ஒரு பொய் சொன்னாலும் காது சிவந்துவிடும், கை தானாகப் போய்ப் பிடரியைச் சொறியும். அப்படிப்பட்டவர்தான் அந்தக் கிழமை முழுவதும் மனைவி சிவகௌரியிடம் பொய்மேல் பொய்யாக அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரு பெரிய பொய்யைக் காப்பாற்றத்தான். அவளுடைய தம்பி வசீகரன் உயிரோடு இருக்கிறான் என்பதுதான் அந்தப் பொய்.

வசி ரொறன்ரோவில் இருந்தான். வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்துவிட்டான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயைச் சிறு வயதிலேயே பறிகொடுத்த வீட்டில் சிவகௌரி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். கலியாணம் கட்டி, மூன்று பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை என்றால் "அக்கா, என்ன சமையல்?" என்று போன் எடுக்காமல் விடமாட்டான். சிவகௌரிக்கோ நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இருமினால்கூடத் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருமுவாள்.

எங்கள் சனத்துக்கு இதில் ஒரு பழக்கம் இருக்கிறது. மகள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தால் தகப்பன் செத்ததைச் சொல்லமாட்டார்கள். மகனுக்குப் பரீட்சை என்றால் பாட்டன் போனதை மறைப்பார்கள். "கொஞ்சம் சுகமில்லையாம்" என்று தொடங்கி, "கடுமையாம்" என்று இழுத்து, முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்த பிறகு ஒருநாள் நாலு பேராகக் கூடிவந்து சுற்றியிருந்து சொல்வார்கள். எல்லாம் அன்பினால்தான். அன்பு என்று சொல்லிக்கொண்டு நாங்கள் செய்யாத அநியாயம் உண்டா!

குலேந்திரன் டூட்டிங்கில் இருந்த மச்சானைக் கேட்டார், பாரிஸில் இருந்த சகலனைக் கேட்டார், கொழும்பில் இருந்த பெரியம்மாவைக் கேட்டார். எல்லோரும் ஒரே வாயால் சொன்னார்கள்: "இப்ப சொல்லிப்போடாதேங்கோ, சிவா தாங்கமாட்டா." மகள் கம்சிகா ஒருத்திதான் குறுக்கே நின்றாள். அவள் ஆஸ்பத்திரியில் மருந்தாளர்.

"அப்பா, டொக்டர் ஸ்ட்ரெஸ் குறைக்கச் சொன்னவர். பொய் சொல்லச் சொல்லேல்லை," என்றாள். "அம்மாவின்ர தம்பி. அம்மாதான் தீர்மானிக்கவேணும்."

"நீ சின்னப்பிள்ளை. உனக்கு விளங்காது."

"எனக்கு முப்பத்திநாலு வயசு."

"அதுதான் சொல்லுறன், சின்னப்பிள்ளை எண்டு."

அந்தக் கிழமை அவர் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். தமிழ் ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள் என்ற பயத்தில் ரேடியோவைப் பழுதாக்கினார். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகவேண்டும் என்று அவள் நின்றபோது காரின் பற்றரி செத்துவிட்டது என்றார். சாவுத் துடக்கு உள்ள வீட்டில் சாமி விளக்கு எரியக்கூடாது. அவள் அந்தப் பக்கம் போனதும் ஊதி அணைத்தார். அவள் வந்து திரும்ப ஏற்றினாள். "காத்தடிக்குதப்பா," என்றார். யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டிக் கிடந்தது.

"உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்டாள் சிவகௌரி. "மீனும் வேண்டாம் எண்டுறியள், முட்டையும் வேண்டாம் எண்டுறியள். ஒப்பரேசன் எனக்கோ உங்களுக்கோ?"

அவர் பிடரியைச் சொறிந்துகொண்டு தோட்டத்துக்குப் போனார். அங்கே, குப்பை வாளிக்குப் பின்னால் நின்று, வசிக்காக அழுதார். அவருக்கும் அவன் தம்பிதானே. முதன்முதல் லண்டனில் அகதியாக வந்து இறங்கியபோது இரண்டு பேரும் ஒரு கட்டிலில் மாறி மாறிப் படுத்தவர்கள். இவர் ஷிப்ட் முடிந்து வர, அவன் எழும்பிப் போவான்.

செத்தவீடு சனிக்கிழமை. ரொறன்ரோவில் காலை, லண்டனில் பிற்பகல். வசியின் மனைவி அஜந்தா ஒன்றில் மட்டும் உறுதியாக நின்றுவிட்டாள். லைவ் போடக்கூடாது, வீடியோ கூடாது, படம் கூடாது. தன் மனுசனின் முகம் ஊரெல்லாம் போனில் திரிய விடமாட்டேன் என்றாள். மூத்த மகன் சுஜீத் மட்டும் குலேந்திரனுக்குப் போன் எடுத்துச் சொன்னான்: "மாமா, மாமிக்காக அம்மாட்டக் கேட்டனான். பெட்டி மூடமுந்தி நான் வீடியோ கோல் எடுக்கிறன். மாமி அப்பாவைப் பாக்கட்டும். நீங்கள் ஓம் எண்டால் போதும்."

குலேந்திரன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம் தம்பி," என்றார்.

அவருடைய கவலை வேறு. சனிக்கிழமை என்றால் துக்கம் விசாரிக்க ஆட்கள் வருவார்கள். எத்தனை பேரின் வாயைத்தான் கட்டுவது? அவர்கள் வீடு இருந்த ரெய்னர்ஸ் லேனில் கதவைத் திறந்து வெளியே காலை வைத்தால் எங்கள் ஆட்கள். ஹாரோவில் தமிழ்ப்படத்துக்குக் கூட்டிப்போனால் இடைவேளையில் யாராவது ஒருத்தி "ஐயோ சிவாக்கா!" என்று கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிடுவாள். தமிழ் வாடையே இல்லாத இடமாக ஒன்று வேண்டும். கடைசியில் கம்சிகாதான் முகத்தை நீட்டிக்கொண்டு போனில் தேடிக் கண்டுபிடித்தாள். டால்ஸ்டனில் ஒரு சின்னத் தியேட்டர். பழைய துருக்கிப் படம், கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பெரிய பரிசு வாங்கியதாம். படத்தின் பேர் குலேந்திரனின் வாயில் நுழையவில்லை. கதை என்னவென்று அவர் கேட்கவுமில்லை.

"நான் டிக்கட் எடுத்துத் தாறன். ஆனா எனக்கு இது பிடிக்கேல்லை அப்பா. அம்மா ஒருநாளும் உங்களை மன்னிக்கமாட்டா," என்றாள் கம்சிகா.

ஒப்பரேசனுக்குப் பிறகு முதல் தரம் வெளியே போகிற சந்தோசம் சிவகௌரிக்கு. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று குங்குமப் பொட்டை வட்டமாகப் பெரிதாக வைத்தாள். குலேந்திரன் அலுமாரியை எட்டிப் பார்த்தார்.

"அந்தச் சாம்பல் சேலை உமக்கு நல்ல வடிவு," என்றார்.

"ஏன், நான் என்ன செத்தவீட்டுக்கோ போறன்?" என்று சிரித்தாள் அவள்.

தியேட்டரில் முக்கால்வாசிப் பேர் வயதான துருக்கிக்காரர்கள். ஆண்கள் கோட்டுப் போட்டு, பெண்கள் கைப்பையை மடியில் வைத்து, ஏதோ உறவினர் வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரித் தங்களுக்குள் கதைத்துக்கொண்டு இருந்தார்கள். இஞ்சை போன் நிப்பாட்டவேணும் என்று சொல்லிச் சிவகௌரியின் போனை வாங்கி அணைத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டார் குலேந்திரன். தன்னுடையதைச் சத்தம் மட்டும் குறைத்து மடியில் கவிழ்த்து வைத்தார். படத்துக்கு ஆங்கிலத்தில் கீழே எழுத்து ஓடியது. சிவகௌரி கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. "என்னவாம், என்னவாம்?" என்று அவள் விலாவில் இடிக்க, அவர் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

படம் ஒரு மலைக்கிராமத்தில் தொடங்கியது. அண்ணனும் தங்கையும். வேறு நாதி இல்லை. அண்ணன் தூரத்தில் ஒரு கல்லுடைக்கிற இடத்துக்கு வேலைக்குப் போகிறான். தங்கை வீட்டில் மா பிசைகிறாள், ஆடு மேய்க்கிறாள். சிவகௌரிக்குப் படம் பிடித்துப்போயிற்று. "பாருங்கோ, எங்கட கொட்டில் மாதிரியே ஒரு குசினி," என்றாள். பிறகு பாறை விழுந்து அண்ணன் சாகிறான்.

குலேந்திரன் அவளுடைய தோளைத் தொட்டார். "எழும்பிப் போவமே?" என்றார்.

"விசரே உங்களுக்கு? காசு குடுத்து வந்தது."

செத்தவனை ஒரு வண்டிக்காரன் ஊருக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். சொந்தக்காரன் இல்லை, கூட வேலை செய்தவன், அவ்வளவுதான். பனி கொட்டுகிறது. வழியில் உள்ள ஊரெல்லாம் மறிக்கிறது. அவர்கள் வழக்கத்தில் செத்தவரைக் காலம் தாழ்த்தாமல் அடக்கம் செய்துவிடவேண்டும். இங்கேயே புதைத்துவிட்டுப் போ என்று பள்ளிவாசல் பெரியவர் சொல்கிறார், பொலிஸ்காரன் சொல்கிறான். வண்டிக்காரன் கேட்கிறானில்லை. குதிரை விழுகிறது. அவனே நுகத்தைத் தோளில் மாட்டி இழுக்கிறான்.

அப்போதுதான் மடியில் இருந்த போன் நடுங்கியது. சுஜீத். "மாமா, ஐயர் கிரியை முடிக்கிறார். மாமியைக் கூப்பிடவோ?"

குலேந்திரன் போனைத் திருப்பி வைத்தார். அவளுடைய நெஞ்சைப் பார்த்தார். பட்டுக்கு மேலே கழுத்தோரம் வெட்டின தழும்பின் நுனி தெரிந்தது. ஏதும் ஆகிவிட்டால்? இந்தச் சாவோடு இன்னொரு சாவா? ஆண்டவனே, நான் யாரைக் கேட்பேன் என்று தவித்தார். போன் திரும்ப நடுங்கியது. "மாமா, வாய்க்கரிசி போடினம். இனி மூடிப்போடுவினம். என்ன செய்ய?" அதற்கும் அவர் பதில் போடவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் இருந்துகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தும் அவரால் சொல்ல முடியவில்லை.

திரையில் ஒரு முதியவர் வண்டிக்காரனின் சட்டையைப் பிடித்து உலுக்கி ஏதோ கேட்டார். வண்டிக்காரன் மூச்சிரைக்கப் பதில் சொன்னான். முன்வரிசையில் ஒரு துருக்கிக்காரி விம்மினாள்.

"என்னவாம்?" என்று இடித்தாள் சிவகௌரி.

குலேந்திரன் எழுத்தை வாசித்தார். 

"என்னப்பா, என்னவாம் சொல்லுறான்?"

"இவன்... இவனுக்கு ஒரு தங்கைச்சி இருக்கிறாளாம். அவள் இவன்ர முகத்தைப் பாக்காமல் மண் போடேலாது எண்டுறான்."

"நல்ல பெடியன்," என்றாள் சிவகௌரி. அவள் கண்ணீர் ஓட ஓடப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆரெண்டே தெரியாதவளுக்காக என்ன பாடு படுறான் பாருங்கோ. நல்லாயிருக்கவேணும்."

அவ்வளவுதான். குலேந்திரன் எழுந்து அவளுடைய கையைப் பிடித்து இழுத்தார். "வாரும். வெளியில வாரும்."

"என்ன, உங்களுக்கு ஏதும் செய்யுதோ?" என்று பதறிக்கொண்டு வந்தாள் அவள். வெளியே, கோப்பி விற்கிற இடத்துக்குப் பக்கத்தில், சிவப்பு மெத்தை போட்ட வாங்கு ஒன்று இருந்தது. அதில் அவளை இருத்தினார். அவருடைய காது இந்த முறை சிவக்கவில்லை.

"சிவா, வசி மோசம் போட்டான்."

அவள் விளங்காதவள் போல் பார்த்தாள். "எந்த வசி?"

"எங்கட வசி. திங்கட்கிழமை. பனி வழிக்கேக்கை. உமக்குச் சொன்னால் தாங்கமாட்டீர் எண்டு..." அவர் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். "இண்டைக்குத்தான் செத்தவீடு. இப்ப நடக்குது."

அவர் பயந்தது மாதிரி அவள் மயங்கி விழவில்லை. நெஞ்சைப் பிடிக்கவில்லை. கத்தவுமில்லை. அவருடைய கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"முகம் மூடிப்போட்டினமோ?"

குலேந்திரன் சுஜீத்துக்கு அழைத்தார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. திரும்ப அழைத்தார். அஜந்தாவுக்கு அழைத்தார். சிவகௌரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் தலைமயிரை ஒதுக்கினாள். தம்பிக்கு முன்னால் போவதற்கு ஆயத்தப்படுவது மாதிரி இருந்தது அது. "எடுங்கோ, எடுங்கோ. மூடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அக்கா வந்திட்டா எண்டு சொல்லுங்கோ."

மூன்றாம் முறை சுஜீத் எடுத்தான். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"மாமா," என்றான். அழுது அழுது குரல் அடைத்துப்போயிருந்தது. "நான் கனக்கத்தரம் கேட்டனான் மாமா. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. இப்பதான் பெட்டியை எரிக்க உள்ளுக்கு விட்டது. நான்தான் பட்டனை அமத்தினனான்."

போனில் ஸ்பீக்கர் போட்டிருந்தது. அவள் கேட்டாள்.

பிறகுதான் அழுகை வந்தது. "என்ர ராசா, என்ர குஞ்சு, நான் தூக்கி வளத்த பிள்ளை" என்று அந்த மண்டபமே அதிர அழுதாள். கை மார்பில் அடிக்கப் போயிற்று. குலேந்திரன் பாய்ந்து இரண்டு கையையும் பிடித்தார். "விடுங்கோ என்னை," என்று உதறினாள். "உங்களுக்கு என்ர நெஞ்சுதான் பெரிசு. எனக்கு அவன்ர முகம்."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு துருக்கிக் கிழவி வந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்துச் சிவகௌரியின் உள்ளங்கையில் எலுமிச்சை மணக்கிற தைலத்தை ஊற்றி, தன் கையாலேயே தேய்த்துவிட்டாள். ஏதோ தன் பாஷையில் மெல்லச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியாது, ஆனால் துக்கம் விசாரித்தாள் என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கிழமையில் சிவகௌரியிடம் துக்கம் விசாரித்த முதல் ஆள் அவள்தான்.

"வீட்டை போவம்," என்றார் குலேந்திரன்.

"இல்லை." சிவகௌரி எழுந்தாள். பொட்டை அழித்துத் துடைத்தாள், அது நெற்றி முழுக்கச் சிவப்பாக இழுபட்டது. "அந்தப் பிள்ளையாவது பாத்திட்டாளோ எண்டு பாக்கவேணும்."

"சிவா, சொல்லுறதைக் கேளும்..."

"நீங்கள் சொல்லி நான் கேட்டது போதும்."

உள்ளே போய் அதே இடத்தில் இருந்தார்கள். திரையில் வண்டி ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நின்றார்கள். தங்கை மா ஒட்டிய கையோடு வாசலுக்கு வந்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். வண்டிக்காரன் கயிற்றை அவிழ்த்தான். அவள் கிட்டப் போய்க் கம்பளியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

சிவகௌரி முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கமெரா அசையவில்லை. அந்தப் பெண்ணின் முகத்திலேயே நின்றது. அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். என்ன பார்த்தாள் என்பதை யாருக்கும் காட்டாமல் திரை இருண்டது. பெயர்கள் ஓடத் தொடங்கின. சனம் எழுந்து நின்று கை தட்டியது.

"முகத்தைக் காட்டேல்லையே அப்பா," என்றாள் சிவகௌரி. "அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்து, எங்களுக்குக் காட்டேல்லையே."

"காட்டேல்லை," என்றார் குலேந்திரன்.

விளக்குகள் எரிந்தன. ஆட்கள் கோட்டை மாட்டிக்கொண்டு அவர்களைக் கடந்து போனார்கள். சிவகௌரி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நீங்கள் பாத்தனீங்களோ?"

அவர் தலையைக் குனிந்தார். "ஓம். நேற்று. பார்வைக்கு வச்சிருக்கேக்கை தாய்க்குத் தெரியாமல் சுஜீத் வீடியோ கோல் எடுத்தவன். கடைக்குப் போறன் எண்டு வந்து காருக்குள்ள இருந்து பாத்தனான்."

"எப்பிடி இருந்தவன்?"

"நித்திரை மாதிரி."

"அது எல்லாரும் சொல்லுறது. வடிவாச் சொல்லுங்கோ. மீசை வச்சிருந்தவனோ, வழிச்சுப்போட்டாங்களோ? மெலிஞ்சிருந்தவனோ? அவனுக்கு நித்திரையில வாய் ஆவெண்டு கிடக்கும், மூடியிருந்ததோ? முகம் நோவோட கிடந்ததோ, இல்லாட்டிச் சாந்தமோ? சொல்லுங்கோப்பா, நான் கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறன்."

அவள் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

குலேந்திரன் நினைத்துப் பார்த்தார். கார் பார்க், ட்ரொலிகள், தெரிந்தவர் யாரும் வருகிறார்களா என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்த பார்வை, எல்லாம் ஞாபகம் வந்தது. போனில் வெள்ளைத் துணி தெரிந்ததும் அழுகை பொங்கி வந்ததும் ஞாபகம் வந்தது. தாங்கமாட்டாமல் போனைக் கவிழ்த்து வைத்ததும் ஞாபகம் வந்தது. முகம் மட்டும் வரவில்லை.

"சிவா," என்றார். "நான் வடிவாப் பாக்கேல்லை."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்காகவாவது பாத்திருக்கலாமே," என்றாள்.